நியூ உல்ம்: அடிச்சவங்களும் அடி வாங்கினவங்களும்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்துல நியூ உல்ம்னு ஒரு சின்ன ஊர். மக்கள்தொகை 14,000 சொச்சம். ஊருக்கு மேல குன்றுல 102 அடி உயரத்துக்கு ஒரு நினைவுச்சின்னம், 1897-ல் திறந்தது. உச்சியில வாளைத் தூக்கிக்கிட்டு நிக்கிறவர் ஹெர்மன். கி.பி. 9-ல் ரோமானியப் படையைத் துவம்சம் பண்ணின ஜெர்மானியத் தலைவர். சுற்றுலா வர்றவங்க இவரைப் பார்த்துட்டு, பீர் குடிச்சுட்டுக் கிளம்பிடுவாங்க. ஆனா ஊரோட கதை அவ்வளவு ஜாலியானது இல்லீங்க.

1854-ல் சிகாகோ ஜெர்மானியர்கள் தொடங்கின ஊர் இது. 1856-ல் சின்சினாட்டியிலிருந்து 'டர்னர்'கள் வந்து சேர்ந்தாங்க. டர்னர்னா உடற்பயிற்சிக் கழகத்துக்காரங்க. 1848 புரட்சி தோத்ததும் ஜெர்மனியை விட்டு வந்த சுதந்திர விரும்பிகள் இவங்கள்ல நிறைய. சின்சினாட்டியில 'வந்தேறி'ன்னு வசவு வாங்கி அலுத்துப்போய், நமக்குன்னு ஒரு ஊர் வேணும்னு இங்கே வந்தாங்க.

சரி, அந்த நிலம் யாருது? டகோட்டா பழங்குடிகளோடது. 1851 ஒப்பந்தத்துல அரசாங்கம் அதை வாங்கிக்கிட்டு, அவங்களை ஆத்தங்கரையோரம் ஒரு துண்டு நிலத்துல ஒதுக்கிடுச்சு. 1861-ல் விளைச்சல் பொய்த்தது, 1862-ல் அரசு தரவேண்டிய பணமும் வரலை, கடைக்காரங்க கடனும் தரலை. பசி போராச்சு. ஆகஸ்ட் 19, 23 தேதிகள்ல நியூ உல்ம் தாக்கப்பட்டு ஊரின் பெரும்பகுதி எரிஞ்சு போச்சு. சுத்துவட்டாரத்துல நூற்றுக்கணக்கான குடியேறிகள் செத்தாங்க. 25-ம் தேதி சுமார் 2,000 பேர் ஊரைக் காலிபண்ணி மன்கேட்டோவுக்குப் போனாங்க.

நவம்பர்ல தண்டனை விதிக்கப்பட்ட டகோட்டா கைதிகளை நியூ உல்ம் வழியா கொண்டுபோனப்ப, ஊர்க்காரங்க திரண்டு கல்லால அடிச்சாங்க. டிசம்பர் 26-ல் மன்கேட்டோவுல 38 பேரை ஒரே நேரத்துல தூக்குல போட்டாங்க. அமெரிக்க வரலாற்றுலயே ஒரே நாளில் நடந்த பெரிய மரண தண்டனை அதுதான். அடுத்த வருஷம் டகோட்டா மக்களை மாநிலத்தை விட்டே துரத்தினாங்க.

55 வருஷம் கழிச்சுக் காட்சி மாறுது. 1917-ல் அமெரிக்கா ஜெர்மனி மேல போர் அறிவிச்சது. ஜூலை 25-ல் நியூ உல்ம்ல பல ஆயிரம் பேர் கூடினாங்க. 'சட்டத்துக்குக் கட்டுப்படுவோம், ஆனா விருப்பமில்லாதவங்களைக் கடல் கடந்து சண்டைக்கு அனுப்பாதீங்க'ங்கிறதுதான் கோரிக்கை. அவ்வளவுதான், தேசத்துரோகி முத்திரை குத்திட்டாங்க! மேயர் லூயிஸ் ஃப்ரிட்சே, நகர வழக்கறிஞர் ஆல்பர்ட் ஃபேண்டர் ரெண்டு பேரையும் ஆளுநர் பதவிநீக்கம் செஞ்சார். இந்த ஆல்பர்ட் யாரு தெரியுமா? சின்சினாட்டி டர்னர்களைக் கூட்டிட்டு வந்த வில்ஹெல்ம் ஃபேண்டரின் மகன். அப்பா எந்த வசவுக்குத் தப்பி ஊர் கட்டினாரோ, அது மகனைத் தேடி அந்த ஊருக்கே வந்துடுச்சு.

1862-ல் பிள்ளைகளைப் பறிகொடுத்தவங்க கண்ணீரும் நிஜம், நிலத்தைப் பறிகொடுத்தவங்க பசியும் நிஜம். ஆனாலும் ஒண்ணு உறுத்துது. அந்நியப் படையை விரட்டினவர்னு ஹெர்மனுக்குச் சின்னம் வச்சாங்களே, டகோட்டாக்கள் கண்ணுக்கு அங்கே யார் ரோமானியர்?

கொசுறு: ஆகஸ்ட் ஷெல் 1860-ல் இங்கே தொடங்கின பீர் ஆலை இன்னும் அதே குடும்பத்துக்கிட்ட இருக்கு. மதுவிலக்குக் காலத்துல குளிர்பானம் வித்துத் தாக்குப்பிடிச்சாங்களாம். பிழைக்கத் தெரிஞ்சவங்க :-)