நோயின் பெயரால் வந்த நிதி

இந்தியப் பால்புதுமையினர் இயக்கத்தின் வரலாறு பெரும்பாலும் 377ஆம் பிரிவு குறித்த தீர்ப்புகளின் வரிசையில், அதாவது 2009, 2013, 2018 என்றே எழுதப்படுகிறது. அமைப்புகளுக்கு நிதி வந்த வழியைப் பின்தொடர்ந்தால் வேறொரு காலவரிசை புலப்படும்.

இதன் தொடக்கத்தில் நிதி இல்லை. டெல்லியில் எவரிடமும் நல்கை பெறாமல் இயங்கிய எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன், தன்பாலீர்ப்பாளர் நிலை குறித்த அறிக்கையை 1991இல் வெளியிட்டது. திகார் சிறையில் ஆணுறை வழங்க மறுக்கப்பட்டபின், 1994இல் 377ஆம் பிரிவை எதிர்த்து வழக்கும் தொடுத்தது. அவ்வழக்கு வெற்றி பெறவில்லை.

இதற்கிடையே 1992இல் உலக வங்கியின் 8.4 கோடி டாலர் கடனுடன் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1994இல் மும்பையில் ஹம்சஃபர் அறக்கட்டளையும் டெல்லியில் நாஸ் அறக்கட்டளையும் உருவாயின. 2003இல் கேட்ஸ் அறக்கட்டளையின் ஆவஹன் திட்டம் தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் கால்பதித்தது. அலுவலகம், ஊதியம், மருத்துவ மையம் ஆகியவை பல குழுக்களுக்கு முதன்முதலாகக் கிட்டியது இத்தகைய நிதியால்தான்.

அந்நிதி தனக்கென ஒரு சொல்லாடலையும் கொண்டுவந்தது. சந்திக்கப்பட்டோர் எத்தனை, வழங்கிய ஆணுறை எத்தனை என்று கேட்ட திட்டப் படிவங்களில் ‘எம்எஸ்எம்’, அதாவது ஆணுடன் பாலுறவு கொள்ளும் ஆண், ஒரு வகைமையாயிற்று. அச்சொல் செயலைக் குறித்தது. உறவையும் தன்னடையாளத்தையும் வெளியே நிறுத்தியது. நோய்ப்பரவலின் கணக்கில் சேராததால், பெண்களை நேசித்த பெண்களுக்கு அப்படிவங்களில் இடமே இல்லை. மும்பையில் 1995இல் தோன்றிய ஸ்திரீ சங்கமும் கொல்கத்தாவில் 1999இல் தோன்றிய சாஃபோவும் இப்பெருநிதிக்கு வெளியே, உறுப்பினர்களின் சொந்த உழைப்பில் வேரூன்றின.

எனினும் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட உதவியது இதே நோய்க்கணக்குதான். நாஸ் அறக்கட்டளை 2001இல் தொடுத்த வழக்கு, 377ஆம் பிரிவு எச்ஐவி தடுப்புப் பணிக்கு இடையூறு என்று வாதிட்டது. உள்துறை அமைச்சகம் அப்பிரிவை ஆதரிக்க, தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனம் மனுதாரரின் வாதத்துக்கு வலுச்சேர்த்தது. 2009இல் டெல்லி உயர்நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றதோடு, கண்ணியம், சமத்துவம் ஆகியவற்றின் அடிப்படையிலும் தீர்ப்பளித்தது.

2013இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியபோது, ஆவஹன் தன் பணிகளை அரசிடம் ஒப்படைக்கும் கட்டத்தின் முடிவில் இருந்தது. 2018இல் குற்றமுத்திரை நீங்கியது. ஆனால் 2020இல் திருத்தப்பட்ட அயல்நாட்டு நன்கொடைச் சட்டம், நன்கொடை பெறும் அமைப்பு அதைப் பிற அமைப்புக்கு மாற்றித் தருவதைத் தடைசெய்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தது. பெரிய அமைப்புகள் வழியாக நிதிபெறும் சிறு குழுக்களுக்கு அவ்வழி அடைபட்டது.

ஆகவே திட்ட அறிக்கைகளைச் சான்றாகக் கொள்ளும் ஆய்வாளர், அவை எதற்காக எழுதப்பட்டன என்பதையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து தப்பிவந்த பெண்ணின் அடைக்கலமோ, முதுமையில் துணையற்றவரின் வாழ்வோ அவற்றில் காணப்படாவிட்டால், அப்படிவங்கள் அதைக் கேட்கவில்லை என்பதே அதன் பொருள்.