துண்டு முதல் தொழிற்சங்கச் சட்டம் வரை: பெரி. சுந்தரத்தின் அரசியல்

கண்டிக்குக் கிழக்கே ஹுன்னஸ்கிரியவைச் சூழ்ந்த மலைச்சாரலிலோ ஏனைய மலையகத் தோட்டங்களிலோ 1921க்கு முன்னர் தோட்டம் மாற விரும்பிய தொழிலாளி, துரையிடமிருந்து ஒரு ‘துண்டு’ பெறவேண்டியிருந்தது. அவனுடைய கடனைத் தீர்ப்பவருக்கு அவனை விடுவிப்பதாகக் கூறிய காகிதம் அது. கடனோடு உழைப்பும் கைமாறியது. உழைப்பை விற்கும் சுதந்திரங்கூட அற்ற இந்நிலையே மலையக அரசியலின் தொடக்கப் புள்ளி என்பது எமது கருத்தாகும்.

1890இல் பிறந்து வழக்கறிஞரான பெரி. சுந்தரத்தின் பொதுவாழ்வை இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். 1919இல் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தைத் தலைவராகக் கொண்டு தோன்றிய இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தின் செயலாளராக அவர் பணியாற்றினார். துண்டு முறையை ஒழிக்கக் கோரிய இயக்கத்தில் அச்சங்கம் முக்கிய பங்கு கொண்டது. 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டம் அம்முறைக்கு முடிவு கட்டியது. எனினும் அச்சங்கத்தில் தொழிலாளருக்காகப் பேசியோர் கற்றோரே. தொழிலாளர் தாமே பேசும் அரங்கம் அன்று உருவாகவில்லை.

டொனமூர் அரசியலமைப்பு 1931இல் சர்வசன வாக்குரிமையைக் கொணர்ந்தபோதும், இந்திய வம்சாவளியினரின் வாக்குரிமை நிரந்தர வதிவு முதலிய நிபந்தனைகளுக்கு உட்பட்டிருந்தது. அவ்வாண்டுத் தேர்தலில் ஹற்றன் தொகுதியிலிருந்து பெரி. சுந்தரம் போட்டியின்றித் தெரிவானார். இங்கு ஒரு வரலாற்று முரண் உண்டு. வாக்குரிமை பெற்ற தோட்டத் தொழிலாளி, தனது பிரதிநிதிக்கு வாக்களிக்காமலே அவரை அரசாங்க சபைக்கு அனுப்ப நேர்ந்தது.

அவர் தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். தேயிலை விலை சரிந்த பெருமந்தக் காலம் அது. சுமை கூலிக் குறைப்பாகத் தொழிலாளர் மீதே விழுந்தது. அமைச்சர் பதவியால் அதனைத் தடுக்க இயலவில்லை. ஆயினும் 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டமும் 1935ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டமும் அக்காலத்திலேயே நிறைவேறின.

விண்ணப்ப அரசியலின் எல்லையும் பயனும் இங்கே ஒருங்கே புலனாகின்றன. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்து, 1936இல் ஹற்றனிலிருந்தே சபைக்குச் சென்றார். அரசியலின் களம் மனுவிலிருந்து தொழிற்சங்கத்துக்கு நகர்ந்தது. பெரி. சுந்தரத்தின் தலைமுறை பெற்றுத்தந்தது விடுதலையன்று. ஒன்றுகூடுவதற்கான சட்டபூர்வமான இடமே. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோதும் அவர்களுக்கு எஞ்சிய அரண் அத்தொழிற்சங்கமே. அவரை வழிபடுதலும் மறத்தலும் இவ்வுண்மையை மறைத்துவிடும்.