தலைக்குக் கரண்ட் கொடுத்த கதை

ஏ.எல். நெருங்கினா நம்ம ஸ்பிரிங்வெளி லயங்கள்ல வல்லாரை சம்பல் அடிக்கடி வரும். "சாப்பிடு, ஞாபகசக்தி வரும்." இந்த வருஷம் தங்கச்சி போனை நீட்டி வேற ஒன்னு கேட்டாள்: "அண்ணே, இதை நெத்தியில மாட்டினா மூளைக்கு கரண்ட் போகுமாம், படிச்சது மறக்காதாம். உண்மையா?" விலையை ரூபாவுக்கு மாத்திப் பார்த்தேன். அம்மா ஒரு மாசம் மலைக்குப் போய் முழுப்பேர் போட்டாலும் பத்தாது. அதனாலதான் உட்கார்ந்து தேடினேன்.

ஆசை பழசு. கிட்டத்தட்ட 2000 வருஷத்துக்கு முன்னாடியே ரோமாபுரி வைத்தியர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தலைவலிக்கு உயிரோட இருக்கிற மின்திருக்கை மீனைத் தலையில வைக்கச் சொல்லியிருக்கார். 1800இல் வோல்டாவின் பேட்டரி வந்தது. அடுத்த வருஷமே இத்தாலியின் பொலோஞாவில் ஜியோவானி அல்தினி, மனச்சோர்வில் கிடந்த லூய்ஜி லான்சரினி என்ற 27 வயது விவசாயியின் தலைக்கு அதால் மின்சாரம் கொடுத்தார். ஆள் தேறிவிட்டான் என்று எழுதியும் வைத்தார். ஒன்றை ஒத்துக்கணும்: தன் தலையிலும் செய்து பார்த்திருக்கார். பல நாள் தூக்கமே வரலையாம்.

பிறகு ரொம்ப காலம் கழித்து, 1985இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் அந்தோனி பார்க்கர் காந்தச் சுருளைத் தலைக்கு மேல் பிடித்து மூளையைத் தூண்டிக் காட்டினார். 2000இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் நிட்ஷேவும் பவுலஸும் வெறும் 1 மில்லிஆம்பியர் போதும் என்றார்கள். அந்த அளவு மின்சாரம் நரம்புச் செல்லை வேலை செய்ய வைக்காது. வேலைக்குக் கொஞ்சம் தயாராக்கும், அவ்வளவுதான். ஆனா நிறுத்தின பிறகும் சில நிமிஷம் அந்த மாற்றம் நிற்கும். தங்கச்சி காட்டின பட்டி இந்த வழியில வந்ததுதான்.

பெங்களூர் நிம்ஹான்ஸில் இதே முறையை, காதில் குரல் கேட்கும் மனச்சிதைவு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அது வைத்தியம். நல்லா இருக்கிற மூளையை இன்னும் கூர்மையாக்குறது வேற கதை. 2022இல் பாஸ்டனில் நாலு நாள், தினம் 20 நிமிஷம் தூண்டியதில் ஞாபகம் கூடி ஒரு மாசம் நின்றது. கலந்துகொண்டவங்க 65 முதல் 88 வயசுக்காரர்கள், ஏ.எல். எழுதுற யாரும் இல்லை.

என்னை நிறுத்தியது 2013இல் ஒக்ஸ்ஃபோர்டில் நடந்த ஆய்வு. புதுசா உருவாக்கின எண்குறிகளைப் படிக்கக் கொடுத்தாங்க. மூளையின் பின்பக்கம் ஓரிடத்தில் தூண்டினவங்க வேகமாகப் படித்தாங்க. ஆனா படித்ததை யோசிக்காமலே பயன்படுத்துற பழக்கம் குறைந்தது. முன்பக்கம் தூண்டினவங்களுக்கு அப்படியே தலைகீழ்.

தங்கச்சிகிட்ட இதைச் சொன்னேன். "அப்போ கணக்கு வந்தா எது போகும்?"னு கேட்டாள். விளம்பரத்தைக் கடைசி வரைக்கும் தள்ளிப் பார்த்தோம். அதைப் பத்தி ஒரு வரியும் இல்லை.