டேர்போ பூட்டுமுன் அறியவேண்டிய சத்தம்

நான் கராஜில் வேலை பழகிய பொருளாதாரத் தடைக் காலத்தில், யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் சொட்டுப் பெற்றோலில் ஸ்ரார்ட் ஆகி மண்ணெண்ணெயில் ஓடின. ஏற்றத்தில் என்ஜின் ‘டக் டக்’ என்று அடிக்கும். பிளக் மூட்டிய நெருப்பு போய்ச் சேருமுன் எரிபொருள் தன்பாட்டில் வெடிக்கும் சத்தம் அது, பெயர் நொக்கிங். ஸ்போர்ட்ஸ் காருக்குத் தனியாக வாங்கி டேர்போ பூட்டுபவர்களுக்கும் அதுவே முதல் எதிரி.

1989இல் வந்த மஸ்டா எம்எக்ஸ்-5ஐ எடுத்துக்கொள்வோம். அதன் 1.6 லீற்றர் என்ஜினின் கொம்பிரஷன் 9.4:1, டேர்போ இல்லாமல் ஓடவே வடிவமைக்கப்பட்டது. டேர்போ, வெளியேறும் புகையின் விசையில் சுழன்று கூடுதல் காற்றைத் திணிக்கிறது. வெப்பமும் கூடும். அதற்கேற்பப் பெற்றோலும் கூடாவிட்டால் பிஸ்டன் உருகும் அல்லது உடையும்.

நான் சொல்லும் ஒழுங்கு இதுதான்: முதலில் நான்கு சிலிண்டர்களின் கொம்பிரஷனையும் சோதியுங்கள். காற்றைக் குளிர்விக்கும் இன்ரகூலர், பெரிய இன்ஜெக்ரர்கள், புதிதாக அளவு திருத்திய என்ஜின் கணினி ஆகிய மூன்றும் இல்லாமல் பூட்டாதீர்கள். டேர்போவிலிருந்து ஒயில் திரும்பும் குழாய் கீழ்நோக்கியே சரிந்திருக்கட்டும். தொடக்கத்தில் டேர்போ தரும் அமுக்கம் 6 பிஎஸ்ஐயைத் தாண்டவேண்டாம். உயர் ஒக்டேன் பெற்றோல் மட்டுமே அடியுங்கள்.

அன்று வேறு வழியின்றி அந்தச் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டோம். இன்று கேட்டால் உடனே அக்சிலேற்றரில் இருந்து காலை எடுங்கள்.