துஹேத்தும் குடும்பமும்

பாகப்பிரிவினை என்னும் சொல் காதில் விழுந்ததும் நம் நெஞ்சில் ஒரு நெருடல் எழுவது இயல்பு. பிறந்த ஊரை விட்டுத் தொலைவில் வாழும் நம்மில் பலர், தந்தையார் வீட்டின் நடுவே எழும்பிய சுவரைக் கண்டவர்களே. ஒற்றுமை நிலைக்க வேண்டுமாயின் பிரிவே கூடாதா? இக்கேள்விக்கு விடை தேடிக் கார் நிக்கோபார் தீவுக்குச் செல்வோம்.

இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் வரும் மாநக்கவாரம் என்பது நிக்கோபார்த் தீவுகளே என்பர் வரலாற்றறிஞர். 1756இல் டேனிஷ்காரர் இவற்றுக்கு உரிமை கொண்டாடினர். 1869இல் ஆங்கிலேயர் கைக்கொண்டனர். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆண்டனர். ஒற்றர் என ஐயுற்று அவர்கள் கொன்ற தீவினர் பலர். கொடிகள் மாறிய போதும் தீவு மக்களைப் பிணைத்த கயிறு அறவில்லை. அக்கயிற்றின் பெயர் துஹேத்.

துஹேத் என்பதைக் கூட்டுக்குடும்பம் என எழுதுவது வழக்கம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம், அச்சொல் போதாது என்றே கருதுகிறோம். நிலமும் தென்னந்தோப்பும் துஹேத்தின் பொதுச்சொத்து. உறவினர் பலரின் வீடுகள் அதனுள் அடங்கும். மூத்தோர் சொற்படி அவரவர் தேவைக்குத் தோப்பின் பயனைப் பெறுவர். துஹேத்துகள் பல சேர்ந்தது ஊர். ஊருக்குத் தலைவர் கேப்டன். ஆகவே, அங்கும் பிரிவுகள் உண்டு. ஆனால் ஒவ்வொரு பிரிவும் தன்னினும் பெரியதொன்றில் அடங்கியிருந்தது.

சுதந்திர பாரதம் இவ்வமைப்பைக் குலைக்க முற்படவில்லை. அத்தீவினரான பிஷப் ஜான் ரிச்சர்ட்சன் 1952இல் முதல் மக்களவைக்கு நியமனம் பெற்றார். 1956இல் பிறப்பிக்கப்பட்ட ஒழுங்குவிதி, பழங்குடியினர் நிலம் வெளியார் கைக்குப் போகாதபடி காத்தது. நாட்டோடு இணைய, தீவினர் தம் துஹேத்தைத் துறக்க வேண்டியிருக்கவில்லை.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தது. மலாக்கா முதலிய கரையோர ஊர்கள் அழிந்தன, தோப்புகள் வீழ்ந்தன. நாடு இரங்கிப் பொருள் வழங்கியது. அந்தப் பொருள் யார் கைக்குச் செல்வது? அரசாங்கப் படிவம் குடும்பம் என்றது. கணவன், மனைவி, மக்கள் என்பதே அதற்குப் பொருளாயிற்று. வங்கிக் கணக்கும் புதுவீடும் அச்சிறு குடும்பத்துக்கே வந்தன. துஹேத்துக்குப் படிவத்தில் இடமில்லை. பொதுவில் உண்டவரிடையே உன்பங்கு, என்பங்கு என்னும் வழக்குகள் தலைகாட்டின. புதிதாய் நட்ட தென்னை காய்க்க ஆறேழு ஆண்டுகள் ஆகும். கைப்பணம் அதுவரை நிற்குமா? நின்றவரும் உண்டு, நில்லாதவரும் உண்டு.

தனிவீடு விரும்பிய இளைஞரை நாம் குறை கூறவில்லை. தனக்கென ஒரு கூரை வேண்டுவது குற்றமன்று. உதவிய நாட்டின் நல்லெண்ணத்தையும் ஐயுறவில்லை. பகைவர் படையால் நேராத பிளவு, அன்பர் நீட்டிய படிவத்தால் நேர்ந்ததே என்றுதான் வருந்துகிறோம். மக்கள் தம்மை எவ்வாறு கூட்டிக்கொண்டு வாழ்கின்றனர் என்று முதலில் கேட்டறிந்து, பின்னர் உதவுவதே முறை.

பிற மாநிலங்களில் தமிழ்ச் சங்கம் கூட்டும் நமக்கும் இதில் பாடம் உண்டு. மாவட்டம், தொழில், சமயம் என நம்மிடையே வேற்றுமைகள் இருக்கத்தான் செய்யும். அவற்றை மறைத்து ஒற்றுமை தேடுதல் வேண்டா. அவற்றுக்கெல்லாம் இடமளிக்கும் பொதுத்தோப்பு ஒன்றைப் பேணுவோமாக.