ஒரு நாள் மறுப்பு

1938 மார்ச் 2. மாஸ்கோவில் தொழிற்சங்க மாளிகையின் அக்டோபர் மண்டபம். சோவியத் உச்ச நீதிமன்றத்தின் ராணுவ ஆயத்துக்குத் தலைமை வகித்த வாசிலி உல்ரிஹ், எதிரே இருந்த 21 பேரையும் ஒவ்வொருவராக எழுப்பி, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா என்று கேட்டு வருகிறார். முன்னே எழுந்தவர்கள் ஆம் என்றார்கள். நிக்கலாய் கிரெஸ்தின்ஸ்கி எழுந்தார். வெளிறிய முகம், உலோகச் சட்டமிட்ட கண்ணாடி. இல்லை, நான் குற்றவாளி அல்ல என்றார். விசாரணை அதிகாரிகளிடம் வேறுவிதமாகச் சொன்னீரே என்று அரசுத் தலைமை வழக்கறிஞர் விஷின்ஸ்கி மடக்கினார். அங்கே உண்மையைச் சொல்லியிருந்தால் அது கட்சித் தலைமையின் காதுக்கு எட்டியிருக்காது என்பது கிரெஸ்தின்ஸ்கியின் பதில்.

கேள்வி கேட்டவரும் பதில் சொன்னவரும் ஜார் காலத்தில் சட்டம் பயின்றவர்கள். கிரெஸ்தின்ஸ்கி கட்சியின் செயலாளராகவும் பெர்லினில் சோவியத் தூதராகவும் இருந்தவர். மறுநாள் மாலை மீண்டும் எழுந்தார். நேற்று உடல் நலமில்லாமல், வீண் வெட்கத்தால் அப்படிச் சொல்லிவிட்டேன், எல்லாக் குற்றங்களையும் ஒப்புக்கொள்கிறேன் என்றார். இடையில் ஓர் இரவு. அந்த இரவைப் பற்றி மன்றத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேட்க வேண்டிய வழக்கறிஞர் அவருக்கு இல்லை. 21 பேரில் மருத்துவர்கள் மூவருக்கு மட்டுமே வழக்கறிஞர்கள் இருந்தனர்.

வழக்கறிஞர் இருந்தவர்களின் நிலை என்ன? ஓராண்டு முன்னர், 1937 ஜனவரியில் நடந்த இன்னொரு மாஸ்கோ வழக்கில், பிராவுதே என்ற வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காக எழுந்தார். வாதாடுபவரும் இந்த நாட்டின் பிள்ளைதான், இந்தக் குற்றங்களைக் கேட்டு அவருக்கும் நெஞ்சு பதறுகிறது என்ற பொருளில் பேச்சைத் தொடங்கினார். வழக்கறிஞர்களுக்கான இந்த மலரில் எழுதுவதால் இதை அழுத்திச் சொல்கிறேன். பிராவுதேயைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்த மன்றத்தில் அதற்கு மேல் பேசியிருந்தால் அவர் நிற்க வேண்டிய இடம் மாறியிருக்கும்.

எழுத்தில் எல்லா உரிமைகளும் இருந்தன. 1936 டிசம்பர் 5 அன்று நிறைவேறிய அரசியலமைப்பின் 111ஆம் பிரிவு குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிர்வாத உரிமையை உறுதிசெய்தது. 112ஆம் பிரிவு, நீதிபதிகள் சட்டத்துக்கு மட்டுமே கட்டுப்பட்டவர்கள் என்றது. அந்த அரசியலமைப்பை வரைந்த குழுவில் முக்கியமானவர் போல்ஷெவிக் தலைவர் புகாரின். அந்த ஆண்டு வசந்தத்தில் பாரிசுக்குப் போயிருந்தபோது பையிலிருந்து பேனாவை எடுத்துக் காட்டி, அரசியலமைப்பு முழுவதையும் இதைக் கொண்டுதான் எழுதினேன் என்று பெருமைப்பட்டதாக வரலாற்றாளர் நிக்கலாயெவ்ஸ்கி பதிவு செய்திருக்கிறார். 1937 பிப்ரவரியில் புகாரின் கைதானார். கிரெஸ்தின்ஸ்கியோடு அதே வரிசையில் அவரும் உட்கார்ந்திருந்தார்.

ஸ்டாலின் ஒருவரின் கொடுமை என்று இதை ஒதுக்கிவிடுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. வேர் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. 1917இன் முதல் நீதிமன்ற ஆணையே பழைய மன்றங்களோடு வழக்கறிஞர் அமைப்பையும் கலைத்து, புரட்சிகர மனசாட்சியை நீதிபதியின் வழிகாட்டியாக்கியது. 1926 குற்றவியல் சட்டத்தின் 16ஆம் பிரிவு, சட்டத்தில் நேரடியாகச் சொல்லப்படாத செயலையும் அதை ஒத்த வேறொரு பிரிவின் கீழ் தண்டிக்க இடம் தந்தது. எது குற்றம் என்பதே முன்கூட்டித் தெரியாதபோது எதை எதிர்த்து வாதாடுவது? லெனின்கிராட் கட்சித் தலைவர் கீரவ் கொல்லப்பட்ட 1934 டிசம்பர் 1ஆம் நாளிலேயே பிறந்த ஆணை மீதியையும் முடித்துவைத்தது. பயங்கரவாத வழக்குகளில் 10 நாளுக்குள் புலனாய்வு முடிய வேண்டும், குற்றப்பத்திரிகை விசாரணைக்கு ஒரு நாள் முன்னதாகத் தரப்படும், இரு தரப்பு வழக்கறிஞர்களும் இல்லை, மேல்முறையீடு இல்லை, கருணை மனு இல்லை, மரண தண்டனை உடனே நிறைவேறும். 1937 ஜூலையில் பிறந்த ரகசியக் காவல்துறையின் 00447 எண் ஆணையோ, எத்தனை பேரைச் சுடுவது என்பதை வட்டாரம் வட்டாரமாக முன்கூட்டியே ஒதுக்கியது. அவ்வழக்குகள் நீதிமன்றத்துக்கே போகவில்லை. மூவர் குழு கோப்பைப் பார்த்து முடிவு செய்தது.

நடைமுறை விதிகளைச் சுருக்க வேண்டும் என்று வாதாடிவந்த நீதித்துறை ஆணையர் கிரிலென்கோ 1938 ஜூலையில் சுடப்பட்டார். அவர் வழக்கு ஏறத்தாழ 20 நிமிடத்தில் முடிந்தது.

கிரெஸ்தின்ஸ்கியின் அந்த ஓர் இரவில் என்ன நடந்திருக்கக்கூடும் என்பதற்கு வேறொரு கைதியின் கடிதம் இருக்கிறது. நாடக மேதை மேயர்ஹோல்த் 1940 ஜனவரியில் சிறையிலிருந்து பிரதமர் மொலத்தோவுக்கு எழுதியது. வயது 65. குப்புறப் படுக்கவைத்து உள்ளங்காலிலும் முதுகிலும் ரப்பர் பட்டையால் அடித்தார்கள். மறுநாள்களில், ரத்தம் கட்டிச் சிவந்தும் நீலமும் மஞ்சளும் பாரித்தும் கிடந்த கால்களில் அதே இடங்களைத் தேடி அடித்தார்கள். கொதிநீரை ஊற்றியதுபோல் எரிந்தது என்று எழுதுகிறார். அந்த வலியில் கையெழுத்திட்டதையெல்லாம் மறுக்கிறேன் என்றார். பிப்ரவரி 1 அன்று அவர் வழக்கு விசாரிக்கப்பட்டது. மறுநாள் அவர் உயிரோடில்லை.

காவல் அதிகாரியிடம் தந்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்ற 2024 வரை நடப்பிலிருந்த 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவை நாம் கல்லூரியில் உருப்போட்டுத் தேறினோம். மேயர்ஹோல்தின் கடிதத்தைப் படித்த பிறகுதான் அந்த ஒற்றை வரியின் எடை எனக்கு விளங்கியது. முன்னேற்றப் பதிப்பகத்தின் கெட்டி அட்டைப் புத்தகங்களை நியூ செஞ்சுரி கண்காட்சிகளில் வாங்கி வளர்ந்த தலைமுறை எங்களுடையது. அந்த அலமாரியில் இந்தக் கடிதம் இல்லை.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் வழக்கறிஞர் டி.என். பிரிட். 1936இல் பழைய போல்ஷெவிக் தலைவர் ஜினோவியேவ் மீதான வழக்கை மாஸ்கோவில் நேரில் பார்த்துவிட்டு, விசாரணை நேர்மையானது என்று எழுதினார். குற்றம் சாட்டப்பட்ட 16 பேரும் வழக்கறிஞர் வேண்டாம் என்றது அவரை உறுத்தவில்லை. அதே பிரிட் 1950களின் தொடக்கத்தில் இந்திய உச்ச நீதிமன்றத்தில் வந்து நின்றார். ஐதராபாத்தின் சிறப்புத் தீர்ப்பாயங்களில் தூக்குத் தண்டனை பெற்ற தெலங்கானா கம்யூனிஸ்ட் உழவர்களுக்காக வாதாடினார். கீழே விசாரணை நடந்தபோது அவர்களுக்கு வழக்கறிஞர் இல்லாததும் அவ்வழக்கில் எழுந்த ஒரு வாதம். வழக்கறிஞர் இல்லை என்பதாலேயே விசாரணை செல்லாததாகிவிடாது என்று மன்றம் மறுத்துவிட்டது. தூக்கு பின்னர் ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. என் கருத்தில் டெல்லியில் பிரிட் பேசியது சரி; மன்றம் சொன்னதுதான் தவறு. அந்த உழவர்களுக்குத் தேவைப்பட்டது எதுவோ, அதுதான் மாஸ்கோவில் கிரெஸ்தின்ஸ்கிக்கும் தேவைப்பட்டது. அவரும் கம்யூனிஸ்ட்தான்.

புகாரின் தம் இறுதி உரையில், எதிரியின் ஒப்புதலை வைத்துத் தீர்ப்பளிப்பது இடைக்கால நீதிமுறை என்று ஒரு வாக்கியத்தைச் செருகினார். மார்ச் 15 அன்று அவரும் கிரெஸ்தின்ஸ்கியும் சுடப்பட்டார்கள். கைதாவதற்கு முன்பு புகாரின், வருங்காலக் கட்சித் தலைவர்களுக்கு ஒரு கடிதம் எழுதி, இளம் மனைவி அன்னா லாரினாவை அதை மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார். தாளில் இருந்தால் பிடிபடும். லாரினா முகாம்களிலும் நாடுகடத்தலிலுமாக ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்தார். ஒரு சொல்லும் தவறிவிடக் கூடாதென்று அதைத் தமக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தார். 1988 பிப்ரவரி 4 அன்று சோவியத் உச்ச நீதிமன்றம் புகாரின் மீதான தீர்ப்பை ரத்து செய்தபோது லாரினாவுக்கு 74 வயது.