மாயாவி மென்பொருளில் கேமரா அமைப்பு

மாயாவி என்பது அறிவியல் தரவுகளை முப்பரிமாணப் படங்களாகக் காட்டும் கட்டற்ற மென்பொருள் ஆகும். சென்னை இந்திய தொழில்நுட்பக் கழகத்தில் வான்வெளிப் பொறியியல் ஆய்வில் ஈடுபட்டிருந்த பிரபு ராமச்சந்திரன் இதனை உருவாக்கினார். 2001 ஆம் ஆண்டில், பாய்ம ஓட்டக் கணிப்புகளைக் காண உதவும் இலவசக் கருவியாக இது முன்வைக்கப்பட்டது. பைத்தான் மொழியில் எழுதப்பட்ட இது, படம் வரைவதற்கு வி.டி.கே நிரலகத்தைப் பயன்படுத்துகிறது. பின்னர் வந்த மாயாவி 2, என்தாட் நிறுவனத்தின் கருவித் தொகுப்பில் இடம்பெற்றது.

தொகுதி முறையும் கேமராவும்

நூற்றுக்கணக்கான காலப்படிகளைக் கொண்ட கணிப்பு ஒன்றின் படங்களை ஒவ்வொன்றாகக் கையால் சேமிப்பது கடினம். எனவே எம்லேப் என்னும் இடைமுகத்தின் வழியாக நிரல் எழுதி, அவை தொகுதியாக வரையப்படுகின்றன. அப்போது எல்லாப் படங்களிலும் கேமரா ஒரே நிலையில் இருத்தல் வேண்டும். தரவு முழுவதும் சட்டத்துள் அடங்குமாறு கேமரா ஒவ்வொரு முறையும் தானே விலகினால், வளர்ந்து வரும் குமிழி ஒன்று எல்லாப் படங்களிலும் ஒரே அளவினதாகத் தோன்றும். படம் அழகாக இருப்பினும், அது சொல்லும் செய்தி தவறாகிவிடும்.

கேமராவின் அளவுகள்

எம்லேப்பின் "வியூ" செயற்கூறு கேமராவின் நிலையை நான்கு அளவுகளால் குறிக்கிறது:

* திசைக்கோணம் - எக்ஸ்-ஒய் தளத்தில், எக்ஸ் அச்சிலிருந்து அளக்கப்படுவது.
* ஏற்றக்கோணம் - இசட் அச்சிலிருந்து அளக்கப்படுவது. 0 முதல் 180 பாகை வரை அமையும்.
* தொலைவு - நோக்குப் புள்ளியிலிருந்து கேமரா வரையுள்ள தூரம்.
* நோக்குப் புள்ளி - கேமரா பார்க்கும் இடம்.

கேமரா தன் அச்சில் சுழன்றிருக்கும் அளவை "ரோல்" என்னும் தனிச் செயற்கூறு தருகிறது. உள்ளீடு ஏதுமின்றி அழைத்தால் இவ்விரண்டும் நடப்பு மதிப்புகளைத் திருப்பித் தரும்.

பொதுவான வழுக்களும் தீர்வுகளும்

உருப்பெருக்கம் மாறுதல்: எம்லேப்பில் புதிய பொருளைச் சேர்க்கும்போது, இயல்பிருப்பாக உருப்பெருக்கம் மீளமைக்கப்படும். "ரீசெட் ஸூம்" என்னும் அளபுருவுக்குப் பொய் மதிப்புக் கொடுத்தால் இது நிற்கும். மாற்றாக, பொருள்கள் அனைத்தையும் சேர்த்த பின்னர், சேமிப்பதற்குச் சற்று முன் "வியூ", "ரோல்" ஆகியவற்றை எண்களுடன் அழைக்கலாம். பொருளைப் புதிதாக உருவாக்காமல், "எம்லேப் சோர்ஸ்" வழியாக அதன் தரவை மட்டும் மாற்றுவது மேலும் விரைவானது.

பகுதி வெட்டுப்படுதல்: மாயாவியின் பதிவு வசதி எழுதித் தரும் நிரலில் கேமராவின் அண்மை, சேய்மை வெட்டு எல்லைகளும் எண்களாக இடம்பெறும். தரவு அவ்வெல்லையைத் தாண்டினால் ஒரு பகுதி மறையும். அவ்வரியை நீக்கி, வெட்டு எல்லையை மீளக் கணிக்கச் செய்ய வேண்டும்.

தொலைவை மாற்றியும் பயனின்மை: இணை வீழல் முறையில் பொருளின் தோற்ற அளவைத் தொலைவு தீர்மானிப்பதில்லை, கேமராவின் இணை அளவுகோலே தீர்மானிக்கிறது.

ஓரங்கள் மாறுதல்: பார்வைக் கோணம் செங்குத்துத் திசையில் அளக்கப்படுகிறது. ஆகவே படத்தின் அகல உயர விகிதம் மாறினால் பக்கவாட்டில் தெரியும் பரப்பும் மாறும். எம்லேப் சாளரத்தின் இயல்பான அளவு 400 x 350 பிக்சல் ஆகும். சோதனைப் படத்திற்கும் இறுதிப் படத்திற்கும் ஒரே விகிதத்தை வெளிப்படையாகக் குறிப்பிடுதல் நன்று.

திரையில்லாக் கணினி: திரைக்கு வெளியே வரையும் விருப்பத்தை, சாளரம் உருவாகும் முன்னரே இயக்க வேண்டும். லினக்ஸ் வழங்கிகளில் மெய்நிகர்த் திரையும் பயன்படுத்தப்படுகிறது.

சரிபார்த்தல்

முழுத் தொகுதியையும் ஓட்டும் முன் முதல், நடு, இறுதிக் காலப்படிகளை மட்டும் வரைந்து, ஒவ்வொன்றிலும் கேமராவின் மதிப்புகளை அச்சிட்டு ஒப்பிடலாம். தரவு முழுவதையும் உள்ளடக்கும் மாறா அளவுள்ள பெட்டி ஒன்றை எல்லாப் படங்களிலும் வரைவதும் பயனுள்ளது. பெட்டி அசைந்தால் நகர்ந்தது கேமரா. பெட்டி அசையாதிருக்க உள்ளிருப்பது மாறினால், அம்மாற்றம் தரவினுடையது.